கரிச்சான் போட்ட வரிசை

எங்களுக்கு முதலில் அநியாயம் செய்தவன் கரிச்சான்தான். மற்றவர்கள் பிறகு வந்து சேர்ந்துகொண்டார்கள். மான்கள் சிரித்தன, குரங்குகள் கைதட்டின, முயல்கள் வாயைப் பொத்திக்கொண்டன. ஆனால் ஆரம்பித்து வைத்தவன் அவன். அதனால் அவன் பெயரைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

நான் ஒரு கிழட்டுக் காட்டுப்பன்றி. மூங்கில்பள்ளம் காட்டில், ஓடைக்கரையில் எங்கள் கூட்டம் இருக்கிறது. கரிச்சான் ஒரு கறுப்புக் குருவி. வால் மட்டும் இரண்டாகப் பிளந்து நீளமாகத் தொங்கும். புல்வெளியின் நடுவில் பட்டுப்போன வேங்கைமரம் ஒன்று நிற்கிறது. அதன் உச்சிதான் அவன் இடம். எந்த மிருகத்தின் குரலிலும் அவனால் பேச முடியும். அந்தத் திறமையை நான் மறுக்கவில்லை.

எங்கள் காட்டில் ஆண்டுக்கு ஒரு ஓட்டம் உண்டு. மாசி மாதம் முழுநிலா வரும் நாளில், காலையில் நடக்கும். அன்று யாரும் யாரையும் கடிக்கக் கூடாது. பெரியவர்கள் ஓடக் கூடாது. இரண்டு மழைக்காலம் பார்த்த இளசுகள் மட்டும்தான் ஓடலாம். ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் ஏழு பேர்.

புல்வெளியில் கிளம்ப வேண்டும். இரட்டைப்பாறை இடுக்கில் நுழைய வேண்டும். ஓடைப்பள்ளத்தில் இறங்கி, முள்ளையும் உண்ணிச்செடிப் புதரையும் தாண்டி, சரிவில் ஏறி, நாவல்மடுவில் முடிக்க வேண்டும்.

முதலில் வருபவனை வைத்து வெற்றி சொல்வதில்லை. ஒரு கூட்டத்தில் முந்தி வந்த ஐந்து பேர் எத்தனையாவதாக வந்தார்கள் என்று பார்த்து, அந்த எண்களைக் கூட்டுவோம். எந்தக் கூட்டத்துக்குத் தொகை குறைவோ அந்தக் கூட்டம் வென்றது. ஒருவன் மட்டும் பறந்து போய்ப் பயனில்லை. ஐந்தாவது ஆளும் வந்து சேர வேண்டும்.

இது எங்களுக்கு விளையாட்டு இல்லை. கோடையில் நாவல்மடு ஒரு குழியாகச் சுருங்கிவிடும். இரவில் ஊறும் தண்ணீர்தான் விடிந்ததும் குடிக்கக் கிடைக்கும். ஓட்டத்தில் வென்ற கூட்டம் முதலில் குடிக்கும். இரண்டாவது வந்தவர்கள் அடுத்து. கடைசிக் கூட்டத்துக்குச் சேறுதான்.

முந்தின ஆண்டு நாங்கள்தான் கடைசி. என் தங்கையின் குட்டிகளில் இரண்டு சித்திரையைத் தாண்டவில்லை. இந்த ஆண்டு அவளுக்கு மறுபடி ஆறு குட்டிகள். அந்த ஆறு வாய்க்கும் தண்ணீர் வேண்டும். ஓட்டத்தில் எனக்கு வேண்டியதெல்லாம் அதுதான்.

கரிச்சான் இதில் எங்கே வருகிறான் என்று கேட்பீர்கள். ஓட்டம் கிளம்பும் இடம் குறுகல். ஆறு கூட்டமும் அருகருகே நிற்க முடியாது. ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நிற்க வேண்டும். யார் முன்னே, யார் பின்னே? கார்த்திகை முதல் நாள் கரிச்சான் ஒரு வரிசை சொல்வான். அவன் ஒன்று என்று சொன்ன கூட்டம் எல்லாருக்கும் முன்னே நிற்கும். ஆறு என்று சொன்ன கூட்டம் எல்லாருக்கும் பின்னே. இரட்டைப்பாறை இடுக்கில் ஒரு நேரத்தில் இரண்டு பேர்தான் நுழையலாம். பின்னே நிற்பவன் அங்கே காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

அந்தக் கார்த்திகை முதல் நாளும் வந்தது. காடு முழுவதும் வேங்கைமரத்தடியில் கூடியிருந்தது.

கரிச்சான் இறகைச் சிலுப்பிக்கொண்டு ஆரம்பித்தான். ஒவ்வொரு கூட்டத்தையும் அவரவர் குரலிலேயே சொன்னான். மான்கள் ஒன்று. முயல்கள் இரண்டு. நரிகள் மூன்று. குரங்குகள் நான்கு. கீரிகள் ஐந்து.

கடைசியில் எங்களிடம் வந்தான். தொண்டையை இறுக்கி, மூக்கால் ஒரு உறுமல் உறுமினான். சேற்றில் புரளும் சத்தம் ஒன்றும் போட்டான்.

"பன்றிகள் ஆறு. ஓடுவாங்களோ, உருளுவாங்களோ, மாசியில பாத்துக்கலாம்."

காடே சிரித்தது. எங்கள் பிள்ளைகள் ஏழு பேரும் அங்கேதான் நின்றார்கள். எல்லாரும் கேட்டார்கள்.

கூட்டம் கலையும் வரை பொறுத்திருந்தேன். பிறகு மரத்தடிக்குப் போனேன்.

"கரிச்சான், கீழே இறங்கு."

"அங்கேயிருந்தே பேசுங்க அண்ணே. காது நல்லாத்தான் கேக்குது."

"எங்க பிள்ளைங்க ஓடினதை நீ பாத்தியா?"

"இல்லையே."

"பின்னே எப்படி ஆறாவது இடம்?"

"பாத்தவங்களை முன்னாடி வெச்சேன். பாக்காதவங்களைக் கடைசியில வெச்சேன். வேற எங்கே வைக்கிறது?"

"மத்த அஞ்சு கூட்டத்தையும் பாத்தியா?"

"மான்களைப் பாத்தேன். அந்தச் சிட்டான் ஓடினான் பாருங்க, கால் தரையிலயே படலை."

"கூட ஓடின மத்தவங்க?"

"எந்த மத்தவங்க?"

"சரி, கீரிகளைப் பாத்தியா?"

"கீரிகளைப் பத்தி முயல்கள் சொன்னாங்க."

"முயல்களைப் பத்தி?"

"அதையும் முயல்களே சொல்லிட்டாங்க."

எனக்கு முதுகு மயிரெல்லாம் எழுந்து நின்றது. "ஓடைப்பள்ளத்துக்கு வா. எங்க பிள்ளைங்க தினமும் அங்கேதான் ஓடுறாங்க. ஒரு நாள் வந்து பாத்துட்டுப் பேசு."

"உண்ணிமுள்ளு என் வாலைப் பிடிச்சு இழுத்துடும் அண்ணே. நீங்க மேலே வாங்களேன். இந்தப் புல்வெளியில ஓடிக் காட்டுங்க. நல்லா ஓடினா தை மாசம் வரிசையை மாத்திச் சொல்றேன்."

மான் கூட்டத்துத் தலைவர் கவையன் பக்கத்தில்தான் மேய்ந்துகொண்டிருந்தார். கொம்பு பெரிது, அதைவிடப் பேச்சு பெரிது. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

"என்ன பன்னியாரே, ஆறாவது இடமும் இடம்தானே. ஏழாவது இல்லையேன்னு சந்தோஷப்படுங்க."

"இருக்கிறதே ஆறு கூட்டம்தான்."

"அதைத்தான் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி புல்லில் வாயை வைத்தார். அதையும் நான் மறக்கவில்லை.

ஓடைக்குத் திரும்பினேன். எங்கள் கூட்டத்தில் ஓடுகிற ஏழு பேருக்கும் செவளைதான் முன்னோடி. என் தங்கையின் மூத்த மகள். செத்துப்போன அந்த இரண்டு குட்டிகளும் அவள் கூடப் பிறந்தவை. அவள் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. அப்போதும் முட்டி அளவு சேற்றில் நின்றுகொண்டு புதரடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிளம்பு. எல்லாரையும் கூட்டிக்கிட்டு மேலே வா" என்றேன். "நாளையிலிருந்து புல்வெளியில ஓடணும். கரிச்சான் கண்ணுல படணும்."

"மாமா, அந்த மரத்து உச்சியிலேருந்து பாத்தா எதுவரைக்கும் தெரியும்?"

"இரட்டைப்பாறை வரைக்கும்."

"பாறைக்கு அப்புறம் ஓட்டம் எவ்வளவு?"

"முக்கால் பங்கு."

"அவன் பாக்கிற கால் பங்குக்காக, பாக்காத முக்கால் பங்கை விடச் சொல்றீங்களா?"

"முன்னாடி நிக்க வேண்டாமா? பின்னாடி நின்னா இடுக்குல மாட்டிப்பீங்க."

"மாட்டாம இருக்க நான் வழி பாக்கிறேன். கோபப்படுறதை நீங்க பாத்துக்கங்க."

பேச்சில் அவளை வெல்ல முடியவில்லை. ஆனாலும் மனம் கேட்கவில்லை. மூன்று நாள் கழித்து, அவள் கிழங்கு தேடப் போயிருந்த நேரத்தில், மற்ற ஆறு பேரையும் புல்வெளிக்கு ஓட்டிக்கொண்டு போனேன். முந்தின நாள் நல்ல மழை. பிள்ளைகள் வேங்கைமரத்தைச் சுற்றி நான்கு சுற்று ஓடினார்கள். மூச்சு இரைக்க இரைக்க, என் மானத்துக்காக ஓடினார்கள்.

"எப்படி?" என்று மேலே பார்த்துக் கேட்டேன்.

உச்சியில் யாரும் இல்லை. மழைக்குப் புற்றிலிருந்து ஈசல் கிளம்பியிருந்தது. கரிச்சான் ஆகாயத்தில் கரணம் அடித்து ஈசல் பிடித்துக்கொண்டிருந்தான். வெகுநேரம் கழித்து வந்து உட்கார்ந்தான். வாயோரத்தில் ஒரு சிறகு ஒட்டியிருந்தது.

"ஓடினீங்களா அண்ணே? ஈசல் நேரமாச்சே, கவனிக்கலை. இன்னொரு தரம் ஓடச் சொல்லுங்க."

இன்னொரு தரம் ஓட அந்தப் பிள்ளைகளிடம் கால் இல்லை. செவளை என்னோடு மூன்று நாள் பேசவில்லை. அது அவள் நியாயம். நான் மறுபடி அந்தத் தப்பைச் செய்யவில்லை.

ஆனால் மற்றக் கூட்டங்கள் செய்தன. தை மாதம் வரிசை மாறலாம் என்ற பேச்சு காடெல்லாம் பரவிவிட்டது. அதோடு ஓடைப்பக்கம் யாருமே வரவில்லை. எல்லாரும் வேங்கைமரத்தடியிலேயே ஓடினார்கள். முயல்கள் மரத்துக்குக் கிட்டே வரும்போது மட்டும் காதை மடக்கிக்கொண்டு பறந்தன, தாண்டியதும் உட்கார்ந்துவிட்டன. குரங்குகள் வித்தை காட்டுவதுபோல் இரண்டு காலில் ஓடின. அதற்கும் கரிச்சான் தலையாட்டினான். நரிகளில் இரண்டு பேர் நன்றாக ஓடினார்கள், அது உண்மை. மான்கள் பாடுதான் வேடிக்கை. சிட்டானும் அவன் அண்ணனும் ஓடுவார்கள். மற்ற ஐந்து பேரும் ஓரமாக நின்று புல் மேய்ந்துகொண்டே பார்ப்பார்கள். "எங்க சிட்டான்" என்று சொல்வதிலேயே அவர்களுக்கு வயிறு நிறைந்துவிட்டது.

எங்கள் பிள்ளைகள் கீழே, யார் கண்ணுக்கும் தெரியாமல் ஓடினார்கள். உண்ணிப் புதரடியில் தலையைத் தாழ்த்தி, ஒருவர் வாலை ஒருவர் மூக்கு தொடுகிற அளவில், ஒரே கோடாக ஓடினார்கள். கூட்டத்தில் கட்டையன் என்று ஒருவன். கால் குட்டை, மூச்சும் குட்டை. அவனை விட்டுவிடச் சொன்னேன். செவளை கேட்கவில்லை.

"எங்க ஏழு பேருல ரெண்டு பேருக்கு முள்ளு குத்திப் புண்ணாகிக் கிடக்கு. அன்னைக்கு அவங்களை நம்ப முடியாது. மீதி அஞ்சு. கட்டையன் வந்தாத்தான் அஞ்சு" என்றாள்.

அவனைத் தனக்கு அடுத்ததாக ஓடவிட்டாள். அவனுக்கு முடிந்த வேகம்தான் எல்லாருக்கும் வேகம். ஆனால் ஒவ்வொரு நாளும் ஒரு துளி கூட்டினாள். மார்கழி முடிவதற்குள் கட்டையனின் வேகமே ஒரு வேகம் ஆகிவிட்டது.

தை பிறந்தது. கரிச்சான் வரிசையைத் திருப்பிச் சொன்னான். மான்கள் ஒன்று, முயல்கள் இரண்டு, நாங்கள் ஆறு. ஒரு எழுத்துகூட மாறவில்லை.

"மாத்திச் சொல்றேன்னியே?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்கிற வரிசையை எதுக்கு அண்ணே கலைக்கணும்?"

நான் திரும்பி வந்தேன். எனக்கு அப்போதே தெரியும், நாங்கள்தான் ஜெயிப்போம் என்று. அவனிடம் சொல்லவில்லை. பார்க்காதவனிடம் சொல்லி என்ன?

மாசி முழுநிலா நாள், காலை. நாற்பத்திரண்டு இளசுகள் புல்வெளியில் நின்றன. எல்லாருக்கும் முன்னே மான்கள். எல்லாருக்கும் பின்னே எங்கள் பிள்ளைகள். நான் இரட்டைப்பாறைக்குப் பக்கத்தில் ஒரு மேட்டில் நின்றேன்.

கரிச்சான் மயில் குரலில் கூவினான். ஓட்டம் கிளம்பியது.

முப்பத்தைந்து பேரும் ஒரே பாய்ச்சலாக இடுக்கை நோக்கி வந்தார்கள். சிட்டானும் அவன் அண்ணனும் முதலில் நுழைந்து போய்விட்டார்கள். அடுத்து நரிகளில் இரண்டு பேர் அவர்கள் வயிற்றடியில் புகுந்ததுபோல வழுக்கிக்கொண்டு போனார்கள். அதன்பிறகு மூன்று மான்கள் ஒன்றாக வந்து பாறைக்கு நடுவில் சிக்கிக்கொண்டன. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. முயல்கள் அவற்றின் காலுக்கடியில் நுழையப் பார்த்து உதை வாங்கின. குரங்குகள் யார் முதுகிலோ ஏறி, யார் மேலோ விழுந்தன. ஒரு கீரி யார் வாலையோ கடித்துவிட்டது.

எங்கள் பிள்ளைகள் ஓடவில்லை. நடந்து வந்தார்கள்.

கவையன் என் பக்கத்தில் வந்து நின்றார். "என்ன பன்னியாரே, பிள்ளைங்க நடை பழகுறாங்களா?"

உண்மையைச் சொன்னால், ஏன் நடக்கிறார்கள் என்று எனக்கும் தெரியாது. செவளை இடுக்குக்குப் பத்தடி முன்னால் எல்லாரையும் நிறுத்தினாள். நின்றார்கள். காடே கூச்சல் போட்டது. அவர்கள் அசையவில்லை.

அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. ஓடையில் வெள்ளம் வரும்போது அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். சருகெல்லாம் ஒரே குவியலாக வந்தால் கல்லிடுக்கில் அடைத்துக்கொள்ளும். தள்ளத் தள்ள இன்னும் இறுகும். தனித்தனியாக வருகிற இலை மட்டும் நழுவிப் போகும்.

தள்ளித் தள்ளி மற்றவர்கள் ஓய்ந்துபோனார்கள். சிக்கிய மான்களில் ஒன்று பின்னால் விழுந்தது. ஓரமாக ஒரு இடைவெளி திறந்தது. செவளை தலையைத் தாழ்த்தினாள். அவள் பின்னால் கட்டையன், அவன் பின்னால் மற்றவர்கள். ஊசியில் நூல் கோத்ததுபோல எங்கள் பிள்ளைகள் அத்தனை பேரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.

கவையன் அதைப் பார்க்கவில்லை. சிக்கிய தன் பிள்ளைகளைத் திட்டிக்கொண்டிருந்தார்.

நான் மேட்டு வழியாக நாவல்மடுவுக்கு ஓடினேன். கிழடுகள் போகிற குறுக்குவழி அது. மடுவின் கரையில் உடும்பு உட்கார்ந்திருந்தார். யார் எத்தனையாவது என்று எண்ணுவது அவர் வேலை. ஒவ்வொருவர் வரும்போதும் ஈரமண்ணில் நகத்தால் ஒரு கோடு கிழிப்பார். சிரிக்க மாட்டார், அவசரப்பட மாட்டார். இந்தக் காட்டில் நான் மதிக்கும் இரண்டு பேரில் ஒருவர்.

சிட்டான் முதலில் வந்தான். நன்றாகத்தான் ஓடினான். இரண்டாவதாக அவன் அண்ணன். உடும்பு இரண்டு கோடு கிழித்தார்.

கரிச்சான் மேலே வட்டமடித்துக்கொண்டிருந்தான். "மான்கள் ஜெயிச்சாங்க! நான் கார்த்திகையிலேயே சொன்னேன்! மான்கள்!" என்று கூவிக்கொண்டு காட்டுக்கெல்லாம் சேதி சொல்லப் பறந்துவிட்டான்.

"இன்னும் நாப்பது பேர் வரணுமேப்பா" என்றார் உடும்பு. கேட்க அவன் அங்கே இல்லை.

மூன்றாவது, நான்காவது இரண்டும் நரிகள். அதற்குப் பிறகு சரிவின் கீழே உண்ணிப் புதர் ஆடியது. அந்தப் புதரைக் கண்டு மற்றவர்களெல்லாம் சுற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அதன் அடியில் போக வழி இருக்கிறது என்றே அவர்களுக்குத் தெரியாது. வந்து பார்த்திருந்தால்தானே தெரியும்.

புதருக்குள்ளிருந்து சேறு பூசிய ஒரு மூக்கு வெளியே வந்தது. செவளை. பின்னாலேயே கட்டையன். அவன் பின்னால் மூன்று பேர். முள் குத்திய இருவரும் எங்கோ தங்கிவிட்டார்கள். அவள் சொன்ன கணக்குப்படி மீதி ஐந்து பேர்.

சரிவில் ஏற ஆரம்பித்தார்கள். பாதி ஏறியதும் கீழே சுற்றுவழியில் மூன்று நரிகள் தெரிந்தன. மிச்சம் வைத்திருந்த மூச்சை எல்லாம் விட்டுப் பாய்ந்து வந்தன. அதே நேரத்தில் கட்டையனின் கால் ஈரமண்ணில் வழுக்கியது. மோவாய் தரையில் இடிக்க விழுந்தான். பின்னால் வந்த மூன்று பேரும் நின்றுவிட்டார்கள்.

"நிக்காதீங்க, போங்க" என்றாள் செவளை.

அவர்கள் தாண்டிப் போனார்கள். ஐந்து, ஆறு, ஏழு. உடும்பு கோடு கிழித்தார். செவளை நினைத்திருந்தால் அவர்களுக்கெல்லாம் முன்னால் வந்திருக்கலாம். அவள் கீழே இறங்கினாள்.

"எழுந்திரு."

"அக்கா, எனக்கு முடியலை. நீ போ."

"நான் போனா நாலு. நாலை யாரும் எண்ண மாட்டாங்க. எழுந்திரு."

"நரி வருது அக்கா."

"வரட்டும். அதுவும் மேட்டுலதான் ஏறணும்."

அவன் புட்டத்தில் மூக்கை வைத்து ஒரு தள்ளு தள்ளினாள். அவன் எழுந்தான். அவள் தள்ளினாள், அவன் ஏறினான். நரிகள் அவர்கள் குதிகாலுக்கு வந்துவிட்டன. எனக்குக் கண்ணுக்கு முன்னால் தங்கையின் ஆறு குட்டிகள்தான் தெரிந்தன. அந்த மூன்று நரிகளும் முந்திவிட்டால் முதல் தண்ணீர் எங்களுக்கு இல்லை.

கட்டையன் உருண்டு வந்து உடும்பின் காலடியில் விழுந்தான். எட்டாவது. அவன்மேல் செவளை விழுந்தாள். ஒன்பதாவது. அதற்கு ஒரு மூச்சு கழித்து நரிகள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு.

அப்புறம் வெகுநேரம் கழித்து, நொண்டிக்கொண்டும் திட்டிக்கொண்டும் மற்றவர்கள் வந்தார்கள். மூன்றாவது மான் பதினான்காவதாக வந்தது. நான்காவது மான் பத்தொன்பது. ஐந்தாவது மான் இருபத்து மூன்று. அது வருவதற்குள் சிட்டான் தண்ணீர் குடித்து, படுத்து, ஒரு தூக்கமும் போட்டுவிட்டான்.

கரிச்சான் பரப்பிய சேதியைக் கேட்டுக் கவையன் தன் கூட்டத்தையே கூட்டிக்கொண்டு மடுவுக்கு வந்துவிட்டார். கரையில் நல்ல இடமாகப் பார்த்து நின்றுகொண்டார்.

"கவையரே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. கோட்டை மிதிக்கிறீங்க" என்றார் உடும்பு.

"நாங்க ஜெயிச்சவங்க."

"யாரு சொன்னது?"

"கரிச்சான் சொன்னான்."

"அவன் ரெண்டு கோட்டோட போயிட்டான். நான் ஒவ்வொரு கூட்டத்துலயும் அஞ்சாவது ஆள் வர்ற வரைக்கும் இருந்தேன்." உடும்பு நகத்தால் மண்ணைத் தொட்டுத் தொட்டுக் கூட்டினார். "பன்றிங்களுக்கு முப்பத்தஞ்சு. நரிங்களுக்கு நாப்பது. மான்களுக்கு அம்பத்தொம்பது. மத்தவங்களுக்கு அதுக்கும் மேலே. பன்றிங்க ஜெயிச்சாங்க."

கவையன் சிட்டானைப் பார்த்தார். சிட்டான் தூங்கிக்கொண்டிருந்தான்.

"பன்னியாரே" என்று ஆரம்பித்தார்.

"மூணாவது இடமும் இடம்தானுங்க" என்றேன். நான்கு மாதமாக வைத்திருந்த வார்த்தை. சொன்னதும் பல்வலி நின்றதுபோல் இருந்தது. கவையனோடு என் கணக்கு அன்றோடு தீர்ந்தது.

கரிச்சானோடு தீரவில்லை.

மறுநாள் விடிந்ததும் அவன் வேங்கைமரத்தில் உட்கார்ந்து புது வரிசை சொன்னான். பன்றிகள் ஒன்று, நரிகள் இரண்டு, மான்கள் மூன்று. உறுமல் இல்லை, சேற்றுச் சத்தம் இல்லை. ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் சொன்னவன்போல் மரியாதையாகச் சொன்னான். மரத்தடியில் நின்றவர்களும் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

நான் போகவில்லை.

"கார்த்திகையில சொன்னது தப்புன்னு சொல்லு" என்றேன்.

"அன்னைக்குத் தெரிஞ்சதை அன்னைக்குச் சொன்னேன். இன்னைக்குத் தெரிஞ்சதை இன்னைக்குச் சொல்றேன். இதுல தப்பு எங்கே வந்தது அண்ணே?"

"அன்னைக்கு உனக்கு ஒண்ணும் தெரியாதே."

"அதைத்தான் நானும் சொல்றேன். தெரியாததுக்கு நான் எப்படிப் பொறுப்பு?"

"தெரியலைன்னு சொல்லியிருக்கணும். நீ ஆறுன்னு சொன்னே. உறுமிக் காட்டினே. பிள்ளைங்க கேட்டுக்கிட்டு நின்னாங்க."

"அதான் முதலிடம் குடுத்துட்டேனே. இன்னும் என்ன வேணும்?"

"முதலிடம் நீ குடுத்தது இல்லை. பிள்ளைங்க ஓடி வாங்கினது. நீ குடுக்க வேண்டியது வேற. இதே உச்சியில உக்காந்து, இதே மாதிரி காடு கேக்க, நான் பாக்காம சொன்னேன், தப்புன்னு ஒரு வார்த்தை."

கரிச்சான் வாலை ஆட்டினான். அந்தப் பக்கம் ஒரு தட்டான் பறந்தது. அதைப் பிடிக்கிற சாக்கில் போய்விட்டான்.

அந்தக் கோடையில் விடிந்ததும் முதல் வாய் எங்கள் வாய்தான். தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கும். தங்கையின் ஆறு குட்டிகளும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு குடிக்கும். ஆறும் சித்திரையைத் தாண்டின, ஆடி மழையையும் பார்த்தன. கட்டையன் அவற்றுக்குத் தான் விழுந்த கதையை வெற்றிக் கதையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான். சொல்லட்டும்.

கரிச்சானும் அங்கே வருவான். நாங்கள் நடக்கும்போது புல்லிலிருந்து கிளம்பும் பூச்சிகள் அவனுக்கு வேண்டும். எங்கள் முதுகிலேயே உட்கார்ந்து தின்பான். எங்கள் முறையிலேயே ஓரமாகத் தண்ணீரும் குடிப்பான். நான் அவனை ஒரு நாளும் விரட்டவில்லை. குடித்து முடிக்கும் வரை பக்கத்தில் நிற்பேன். அவன் தலையை நிமிர்த்தியதும் கேட்பேன்.

"அந்த வார்த்தை?"

பறந்துவிடுவான்.

"விட்டுத்தள்ளுங்க மாமா" என்றாள் செவளை ஒரு நாள். "அவன் சொல்லித்தான் நமக்குத் தெரியணுமா?"

"நமக்குத் தெரியும். அன்னைக்குச் சிரிச்சவங்களுக்கும் தெரியணும். அவனே அவன் வாயால சொல்லணும்."

"அவன் சொல்லலைன்னா?"

"கேட்டுக்கிட்டே இருப்பேன்."

அவள் சிரித்துவிட்டு ஓடைக்குப் போனாள். அவளுக்கு அடுத்த ஓட்டத்து இளசுகளைப் பழக்கும் வேலை இருந்தது. எனக்கு இந்த வேலை இருக்கிறது.

அதற்குப் பிறகு மூன்று கார்த்திகை வந்து போய்விட்டது. ஒவ்வொரு முதல் நாளும் அவன் வரிசை சொல்லி முடித்ததும், கூட்டம் கலைவதற்கு முன்பே நான் மரத்தடியில் போய் நிற்கிறேன். அவன் இந்தப் பக்கம் பார்ப்பதில்லை. எனக்கு வர வேண்டிய அந்த ஒரு வார்த்தை இன்று வரை வரவில்லை.

கண்ணால் பார்க்காமல் ஒருவரைத் தாழ்த்திப் பேசுவது தவறு. உண்மை தெரிந்த பிறகும் பேசிய அதே இடத்தில் நின்று அதை ஒப்புக்கொள்ளாமல் இருப்பது அதைவிடப் பெரிய தவறு.